வயதான நாய்க்கும் மருந்துச் சீட்டு வேண்டும்

சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும். நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். 2025-இன் கடைசி மாதங்களில் கெடு வைத்துக் கொண்டுவரப்பட்ட இந்தக் கண்டிப்பு தேவையானதுதான். வெறிநோய்த் தடுப்பூசி எல்லா வீட்டு நாய்களுக்கும் போய்ச் சேர இது உதவும். ஆனால் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றிய அந்த நாய்க்குப் பத்து வயதாகும்போது அது அரசின் கண்ணில் படுவதே இல்லை. வளர்ப்பவரின் கையைச் செலவு கடிக்கத் தொடங்குவதோ அந்த வயதில்தான்.

குட்டியாக இருக்கும்வரை தடுப்பூசி, குடற்புழு மருந்து, எப்போதாவது ஒரு காய்ச்சல் என்று செலவு அடங்கிவிடும். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் கதை மாறுகிறது. லாப்ரடாருக்கு மூட்டுத் தேய்கிறது; பொமரேனியனுக்கு இதய வால்வு தளர்கிறது; பூனைக்குச் சிறுநீரகம் கெடுகிறது; கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு மடியில் கட்டி வருகிறது. இவற்றில் பல, குணமாக்கி அனுப்பும் நோய்கள் அல்ல. காலம் முழுக்கக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டியவை. இதயம் பலவீனமான ஒரு பொமரேனியனுக்குத் தினமும் இரு வேளை பிமோபென்டான், நுரையீரலில் நீர் கோக்காமலிருக்க ஃபுரோசமைடு, கூடவே எனலாப்ரில், சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் தேவைப்படுகின்றன. சிறுநீரகம் கெட்ட பூனைக்குத் தனி உணவு, வீட்டிலேயே தோலுக்கடியில் ஏற்றும் சலைன், ரத்த அழுத்த மாத்திரை. கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் நாய், பூனைகளுக்கான பாக்கெட் உணவுக்கு 18 விழுக்காடு வரி. ஒரே ஒரு பெரிய அறுவைச் சிகிச்சையைக் கடன் வாங்கியாவது சமாளித்துவிடுகிறவர்கள், மாதாமாதம் வரும் இந்த பில்லில்தான் தளர்ந்துபோகிறார்கள்.

இந்த பில்லில் குறைக்க முடிந்த பகுதி மருந்து. வயதான நாயும் பூனையும் சாப்பிடும் மாத்திரைகளில் பல, அதே வீட்டுத் தாத்தாவின் மாத்திரை டப்பாவில் இருக்கக்கூடியவை: ஃபுரோசமைடு, எனலாப்ரில், அம்லோடிபின், தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன். அளவு மட்டும்தான் வேறு. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகமெங்கும் ஆயிரம் இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் இத்தகைய மருந்துகள் ஜெனரிக் பெயரில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.

ஆனால் நாய் வளர்ப்பவரால் அந்தக் கடை வாசலை மிதிக்கவே முடிவதில்லை. பல கிளினிக்குகளில் மாத்திரைகளை எண்ணிக் காகித உறையில் போட்டு, காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று பேனாவால் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உறையில் மருந்தின் பெயர் இருக்காது. பில்லில் 'மருந்து' என்று ஒரே வரி. சீட்டு எழுதிக் கொடுத்தாலும் அதில் கம்பெனிப் பெயர்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனால், "நாய்க்கா? அதெல்லாம் இங்க தர்றதில்லைங்க" என்ற பதில். இந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆவது விதி, மருந்துச் சீட்டில் நோயாளியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. மருந்து விலங்குக்கானது என்றால் அதன் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. கால்நடை மருத்துவரின் சீட்டு மருந்துக் கடைக்கு வரும் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கடைக்காரர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. ஐந்தரை ஆண்டு படித்து, வாடகை கொடுத்து, எக்ஸ்ரே, ஸ்கேன் இயந்திரங்களைக் கடனில் வாங்கிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் காப்பீடு கிடையாது. இருக்கிற சில காப்பீடுகளும் வயதான விலங்கைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளத் தயங்குகின்றன. மருந்தில் வரும் லாபத்தை வைத்துத்தான் ஆலோசனைக் கட்டணத்தைக் குறைவாக வைக்க முடிகிறது என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டின் பாரம் முழுவதும், அதிக மருந்து வாங்க வேண்டிய முதிய விலங்கின் வீட்டார் தலையில்தான் விழுகிறது. ஆலோசனைக்கு உரிய கட்டணத்தை வெளிப்படையாக வாங்கட்டும். மருந்தை எங்கே வாங்குவது என்பதை வளர்ப்பவர் முடிவு செய்யட்டும்.

பிரிட்டனில் என்ன நடந்தது என்பதைப் பார்த்து நாம் முன்கூட்டியே விழித்துக்கொள்ளலாம். அங்கே 2013-இல் பத்தில் ஒரு கிளினிக் பெரிய நிறுவனங்களிடம் இருந்தது. பத்தாண்டுகளில் அது பத்தில் ஆறாகியது. 2016-க்கும் 2023-க்கும் இடையே சிகிச்சைக் கட்டணம் 63 விழுக்காடு உயர்ந்ததாக அந்நாட்டின் போட்டி ஆணையம் கண்டது. கட்டணப் பட்டியலை வெளியிட வேண்டும், மருந்துச் சீட்டு எழுதும் கட்டணத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று 2025 அக்டோபரில் அது முன்மொழிந்தது. நம் நகரங்களிலும் சங்கிலித்தொடர் கிளினிக்குகள் வரத் தொடங்கிவிட்டன. அவை வேரூன்றிய பிறகு விதி போடுவது கடினம்.

மனிதர்களுக்கே வைத்தியம் எட்டாத நாட்டில் நாய்க்கு என்ன வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. பதில் இதுதான்: இலவசம் கேட்கவில்லை. கடை இருக்கிறது, மருந்து இருக்கிறது, விதியும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க வழி கேட்கிறோம். நாய் வளர்ப்பவர்கள் பங்களாக்காரர்கள் மட்டுமல்லர். பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கத் தனியே வசிக்கும் ஓய்வூதியர், குடியிருப்பு வாரிய வீட்டில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநர் என்று எல்லாரும் இதில் அடக்கம்.

செலவு தாங்காமல் போனால் நடப்பதும் எல்லாருக்கும் தெரியும். கண் மங்கிய, நொண்டும் நாயை ஊருக்கு வெளியே வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். காப்பகத்தின் கதவில் கட்டிவிட்டுப் போகிறார்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. உரிமம் வாங்காததற்கு 5,000 ரூபாய், கிழட்டு நாயைத் தெருவில் தள்ளுவதற்கு 50 ரூபாய் என்றால் நம் அரசுகள் எதைப் பெரிய தவறாகக் கருதுகின்றன? சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால் தள்ளிவிடும் நிலை வராமல் பார்த்துக்கொள்வது மாநில அரசால் ஆகக்கூடியது.

மலிவு மருந்து என்றதும் சீட்டில்லாமல் கொடுப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனிதர்களுக்கான சில சிரப்புகளில் சேரும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. மருத்துவரிடம் போகக் காசில்லாதவர்தான் வீட்டு மருந்தைக் கையில் எடுக்கிறார். ஆகவே மலிவு மருந்தும் மருத்துவரின் சீட்டும் சேர்ந்தே வர வேண்டும்.

மருத்துவரை எட்டுவதும் எளிதாக வேண்டும். 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் நாய்களுக்கு ரத்த வங்கி, டயாலிசிஸ் வரை வந்துவிட்டது. அதனால்தான் அங்கே அவ்வளவு கூட்டம். மாவட்டங்களில் கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவமனைகள் மாடு, ஆடு, கோழிக்காக அமைந்தவை, அது சரியே. மாவட்டத் தலைநகர் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை வசதியுடன் சிறு விலங்குப் பிரிவொன்றை, நியாயமான கட்டணத்தில், மாலையிலும் திறந்து வைக்கலாம். நகராட்சிகள் உரிமத்திலும் அபராதத்திலும் வசூலிக்கும் தொகையை இதற்கே ஒதுக்கட்டும்.

வளர்ப்பவர்களுக்கும் கடமை உண்டு. இளமையிலேயே கருத்தடை, எடைக் கட்டுப்பாடு, பல் சுத்தம் ஆகியவை பிற்காலப் பில்லைக் குறைக்கும். எந்த மருந்தாலும் வலி அடங்காத கட்டம் வந்தால் ஊசி போட்டு அனுப்பிவைப்பதும் கருணைதான். அதை மருத்துவர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்த 'பசு ஔஷதி' திட்டம் மலிவான கால்நடை மருந்துக்கு 75 கோடி ரூபாய் ஒதுக்கியது. பிமோபென்டான் போல விலங்குகளுக்கென்றே விற்கும் மருந்துகளும் அதில் இடம்பெறத் தமிழக அரசு வலியுறுத்த வேண்டும். மற்றவற்றுக்கு டெல்லிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கிளினிக்குகள் கட்டணப் பலகை வைக்கவும், ஜெனரிக் பெயரில் சீட்டு எழுதவும் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றம் அறிவுறுத்தலாம். அந்தச் சீட்டை ஏற்கும்படி முதல்வர் மருந்தகங்களுக்கு அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். இதற்கு நிதிநிலை அறிக்கையும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம்; இந்த மாதமே செய்யலாம்.