பிடுங்கினால் இலவசம், நேராக்கினால் காசு

பல்லுக்குக் கம்பி போட்டு எட்டு மாதம் ஆகிறது. எனக்கு வயது 36. இந்த எட்டு மாதத்தில் வெளியாட்கள் கேட்டதைவிட நம் தோழர்கள் கேட்டதுதான் அதிகம். "இந்த வயசுல எதுக்கு?" என்று தொடங்கிய கேள்வி, "களத்துல நிக்கிறவங்களுக்கு அழகுச் சிகிச்சை தேவையா?" என்பது வரை வந்துவிட்டது. கடைசிக் கேள்வியைக் கேட்டவரின் மகன் ஒன்பதாம் வகுப்பிலேயே கம்பி போட்டு, கழற்றியும் விட்டான். அது அழகுச் சிகிச்சை இல்லையாம், படிக்கிற பிள்ளையின் தன்னம்பிக்கையாம்.

இது என்னோடு போகிற விஷயம் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் வேலைக்குப் போன முதல் வருடச் சம்பளத்தில் கம்பி போட ஆசைப்பட்டு, "வீடு ஒழுகுது, உனக்குப் பல்லு கேக்குதா?" என்ற ஒற்றைச் சொல்லுக்கு அஞ்சி விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். எல்லாரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், நம் தெருப் பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பல் ஏன் கோணலாகிறது? தாடை சிறுத்து, பல் பெருத்திருந்தால் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அது பரம்பரை. விரல் சூப்பும் பழக்கமும் முன்பல்லைத் தள்ளும். இவை எல்லா வீட்டிலும் உண்டு, ஊர்த்தெரு சேரி என்று பார்த்து வருவதில்லை. ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது. பால்பல் என்பது சும்மா விழுந்துபோகப் போகிற பல் அல்ல. பின்னால் வரவேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே அதுதான். ஐந்து வயதில் கடைவாய்ப் பால்பல் சொத்தையாகி, வலி தாங்காமல் பிடுங்கப்பட்டால், ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அந்தக் காலி இடத்தை நோக்கி முன்னால் நகர்ந்துவிடும். பத்து, பதினோரு வயதில் அங்கே முளைக்கவேண்டிய பல் வந்து பார்க்கும்போது இடம் இருக்காது. கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ ஒதுங்கித்தான் முளைக்கும். ஊருக்குள் இடம் இல்லாமல் ஒதுங்கியவர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

இதைத் தடுக்க ஒரு எளிய ஏற்பாடு உண்டு. பால்பல்லைப் பிடுங்கியதும் அந்த இடைவெளி மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு சின்னக் கம்பி வளையத்தைப் பக்கத்துப் பல்லில் பொருத்திவிடலாம். எனக்குப் பிடுங்கிய இடத்தில் அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆயா மட்டும்தான் சொன்னது: "பால்பல்லுதான, போனா போவுது." ஆயாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விடிவதற்கு முன் கரும்பு வெட்டப் போய் இருட்டியபின் திரும்புகிற வீட்டில், வலி நின்றுவிட்டால் அதுதான் வைத்தியம்.

நம் மக்களுக்கும் பல் மருத்துவத்துக்கும் உள்ள உறவே பிடுங்குவதுதான். அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் பிடுங்கிவிடுவார்கள், காசு கேட்க மாட்டார்கள். நல்லது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல்லைக் காப்பாற்ற வேண்டும், வரிசைப்படுத்த வேண்டும் என்றால் அநேகமாக ஊரை விட்டுப் போக வேண்டும், அல்லது பணம் எண்ண வேண்டும். நாற்பது வயதில் பாதிப் பல் இல்லாத அம்மாக்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

இனி அந்த 'அழகு' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

கைகட்டி வாய்பொத்தி நிற்பது என்று தமிழில் ஒரு வழக்கு இருக்கிறது. இன்று அதைப் பணிவுக்கு உவமையாகச் சொல்கிறார்கள். நம் பாட்டன்மாருக்கு அது உவமை இல்லை. ஆண்டை முன் பேசும்போது மூச்சும் எச்சிலும் படக்கூடாது என்று கையால் வாயை மூடித்தான் நின்றார்கள். பேஷ்வாக்களின் தலைநகரமான புனேயில் தீண்டப்படாதவர் எச்சில் துப்புவதற்கென்று கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை எதற்கு? நம் வாய்க்குப் பயந்துதான். நிலத்தைப் பறித்தது போலவே வாயையும் பறித்தது சாதி.

எத்துப்பல் உள்ள பெண்பிள்ளை சிரிக்கும்போது என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். கை தானாக மேலே போய் வாயை மூடும். நானும் இருபது வருடம் மூடினேன். கூட்டத்தில் ஒலிவாங்கி பிடித்துப் பேசும்போது மட்டும் அது இரண்டு வேலை செய்தது. எந்த ஆண்டையும் எதிரில் இல்லை, யாரும் மூடச் சொல்லவில்லை. ஆனாலும் கை போகிறது. இதை அழகு ஆசை என்று எழுதி மூடிவிட முடியுமா?

உடம்பைப் பேணுவதும் உடுத்துவதும் அற்ப விஷயம் என்று சாதி ஒருபோதும் நினைத்ததில்லை, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மீது கள்ளர்கள் எட்டுத் தடைகளை அறிவித்தார்கள். தங்கம் வெள்ளி அணியக்கூடாது, ஆண்கள் சட்டை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொள்ளக்கூடாது என்பதும் அதில் ஒன்று. கிராப்பால் யாருக்கு என்ன நட்டம்? நாம் எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை கை நழுவுகிறதே, அதுதான் நட்டம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1927 மகத் போராட்டத்தின்போது, அம்பேத்கர் பெண்களைத் தனியே அழைத்துப் பேசினார். தீண்டப்படாதவள் என்று அடையாளம் காட்டுகிற புடவைக்கட்டையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். குளத்து நீருக்காகப் போராடிக்கொண்டிருந்த நேரத்தில் புடவைக்கட்டு ஒரு பேச்சா என்று அன்றும் யாராவது கேட்டிருப்பார்கள்.

சினிமாவை விட்டுவிட முடியாது. கதாநாயகிக்கு ஒரு பல் ஏறி இருந்தால் அது தெத்துப்பல் அழகு, பாட்டிலேகூட வரும். அதே பல் கறுத்த முகத்தில் இருந்தால் காமெடி. பொய்ப்பல் மாட்டிவிட்டு, கறுப்பு மை பூசி, 'சேரி ஆள்' என்று காட்டிய படங்களை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு அலுத்துவிட்டது. ஆக, எந்தப் பல் கோணல் என்பதைப் பல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அப்படியானால் அவர்களுடைய அழகு அளவுகோலுக்குத்தானே நாம் வளைந்துகொடுக்கிறோம்? சில இடங்களில் ஆமாம். மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்று கம்பி போடப் போகிற தங்கையிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் நன்றாகக் கடிக்க முடிகிறது, துலக்க முடிகிறது, உங்களுக்கும் அது பிடித்திருக்கிறது என்றால் யாருக்காகவும் தொட வேண்டாம். ஆனால் நெருக்கிக்கொண்டு நிற்கும் பற்களுக்கு இடையே பிரஷ் போகாது. சொத்தையும் ஈறு நோயும் அங்கேதான் குடியேறும். முன்பல் அதிகம் தூக்கியிருந்தால் விழும்போது உடைவதும் அதுதான். எனக்குக் கீழ்ப்பல் மேலண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தது. இது அழகா, மருத்துவமா? இரண்டும்தான். இரண்டில் எதற்கும் நான் வெட்கப்படப் போவதில்லை.

வயது ஒரு தடையே இல்லை. பல் எலும்பில் அடித்த ஆணி மாதிரி இறுகி நிற்பதில்லை. இடையில் மெல்லிய நார்த்திசு இருக்கிறது. கம்பி ஒரு பக்கம் மெதுவாக அழுத்தினால், அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும், மறுபக்கம் புது எலும்பு உருவாகும். பதினைந்து வயதில் நடப்பது ஐம்பதிலும் நடக்கும். வித்தியாசம் என்னவென்றால், பெரியவர்களுக்குத் தாடை வளர்ச்சி முடிந்துவிட்டது. எனவே தாடையே முன்பின்னாக இருந்தால் கம்பி மட்டும் போதாது, அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ஹான்ஸ், பாக்கு போடுகிற தோழர்கள் இதைக் கவனிக்க. சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு ஆகும். இடம் உண்டாக்க நான்கு நல்ல பல்லை எடுக்கச் சொல்வது சகஜம். ஏன், வேறு வழி உண்டா என்று கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. கம்பி கழற்றியதோடு முடிந்ததென்றும் நினைக்க வேண்டாம். பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். ரிடெய்னரைப் பல வருடம் இரவில் மாட்டிக்கொள்ள வேண்டும். இறுக்கிய பிறகு மூன்று நாள் கஞ்சிதான். எலும்பைக் கடிக்கக்கூடாது என்றார் மருத்துவர். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறிக் குழம்பில் நல்லியை உறிஞ்சலாமா என்று கேட்டேன். உறிஞ்சலாம் என்று உத்தரவு கிடைத்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடால் பல் காவி ஏறிப்போன ஊர்கள் அவை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தான் இன்று கல்லூரி முடித்து வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஃபுளோரைடு ஏறிய எனாமலில் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட் சரியாக ஒட்டாது, அடிக்கடி கழன்று விழும். அது உங்கள் கவனக்குறைவு இல்லை. முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பணம். தனியாரிடம் சாதாரண உலோகக் கம்பிக்கே பல ஆயிரம் ரூபாய் கேட்பார்கள். கண்ணாடி போல இருக்கும் அலைனர் என்றால் லட்சத்தைக்கூடத் தாண்டலாம். பெரும்பாலான மருத்துவக் காப்பீடு இதற்குப் பைசா தராது. மாதத் தவணை விளம்பரம் கைப்பேசியைத் திறந்தால் வந்து நிற்கிறது. நேரில் மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கே அனுப்பும் வகையறாவை நம்பாதீர்கள். அமெரிக்காவில் அப்படி விற்ற ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் திடீரென்று கடையை மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அரசு வழி என்ன? 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாகத் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட சிதம்பரம் கல்லூரி, 2023-இல் திறந்த புதுக்கோட்டைக் கல்லூரி என்று மூன்று இருக்கின்றன. தனியார் கல்லூரிகளோ இருபதுக்கு மேல். பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் கம்பி போடுகிற கல்லூரி மருத்துவமனைகளில் செலவு வெளியே கேட்பதில் ஒரு பங்குதான். நானும் அப்படி ஒரு கல்லூரியில்தான் போட்டேன். அந்த மருத்துவத் தங்கை முக்கால் மணி நேரம் என் வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு வேலை செய்தாள். கையுறை முழுக்க என் எச்சில். என் ஆயாவுக்கு ஊர்த்தெருவில் தண்ணீரை உயரத்திலிருந்து கையில்தான் ஊற்றினார்கள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தபோது எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் கட்டணம் குறைவு என்பதால் ஏழைக்கு எட்டிவிட்டது என்று சொல்லாதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், இரண்டு வருடம். தென்காசியிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ வருகிறவருக்கு ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணம், ஒருநாள் கூலி, அதோடு மேஸ்திரியிடம் ஏச்சு. மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு அது ஒரு விடுப்பு விண்ணப்பம். செங்கல் சூளையில் இருக்கும் என் சித்தி மகளுக்கு அது அந்த வாரத்துச் சோறு.

பிரிட்டனில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பல் வரிசையை ஐந்து படி கொண்ட ஓர் அளவுகோலால் மதிப்பிட்டு, மேல் படிகளில் இருந்தால் பொதுச் சுகாதாரத் துறையே செலவில்லாமல் கம்பி போடுகிறது. அங்கேயும் காத்திருப்பு உண்டு, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆனாலும் யாருக்குத் தேவை என்பதைப் பல்லை வைத்து அளக்கிறார்கள், அப்பாவின் பையை வைத்து அல்ல.

நம் கோரிக்கைப் பட்டியலில் உதவித்தொகை இருக்கிறது, விடுதிச் சோறு இருக்கிறது, பஞ்சமி நிலம் இருக்கிறது. பல் இல்லை. சேர்க்கலாம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் வருடம் ஒருமுறை பல் மருத்துவர் வர வேண்டும், பால்பல் பிடுங்கினால் இடம்பிடிக்கும் வளையமும் அங்கேயே பொருத்தித் தர வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவர் வேண்டும், சிறுவயதில் கிடைக்காமல் போனவர்களுக்கு வயது பார்க்காமல் செய்ய வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். விடுதி மாணவர்கள் முதலில் தங்கள் விடுதியில் கடைசியாகப் பல் மருத்துவர் வந்த தேதியைக் காப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வந்ததே இல்லை என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை மனுவோடு இணைக்க வேண்டும்.