நல்ல வாத்தியாரைப் பிடிச்சு நாற்காலியில கட்டிப்போடறது

போன மாசம் படிச்ச காலேஜ் பக்கம் போயிருந்தேன். ட்ரான்ஸ்கிரிப்ட் ஃபாரத்துல பிரின்சிபால் கையெழுத்து வேணும். ரூம் வாசல்ல முக்கால் மணி நேரம் தேவுடு காத்து உள்ளே போனா, எங்களுக்கு நெட்வொர்க்ஸ் எடுத்த அதே சார்! பாக்கெட் எப்படிப் போகுதுன்னு பெஞ்சுக்கு பெஞ்சு துண்டுச்சீட்டு அனுப்பிப் புரியவெச்ச மனுஷன். இப்போ அவர் மேஜை மேல பஸ் கான்ட்ராக்ட் ஃபைல், ஹாஸ்டல் தண்ணி லாரி பில், நாக் கமிட்டிக்காகக் குவிச்சுவெச்ச ஃபோல்டருங்க.

"கிளாஸ் எடுக்கறீங்களா சார்?"

"ரெண்டு வருஷமாச்சுப்பா."

எங்க பொட்டி தட்டுற பொழப்புலயும் இதே கதைதான். நல்லா கோட் எழுதறவனை மேனேஜர் ஆக்குவாங்க. ஒரு நல்ல புரோகிராமர் காலி, ஒரு சுமாரான மேனேஜர் ரெடி! ஆனா எங்களுக்காவது நடுவுல டீம் லீட்னு ஒரு படி இருக்கு. மேய்க்கறது பிடிக்கலைன்னா ஆர்க்கிடெக்ட் ஆகிடலாம், சம்பளமும் குறையாது.

காலேஜ்ல? யூஜிசியோட 2018 விதிமுறைப்படி முதல்வராக பிஎச்.டி. வேணும். கற்பித்தல், ஆராய்ச்சி ரெண்டும் சேர்த்து 15 வருஷ அனுபவம், குறைஞ்சது 10 ஆய்வுக்கட்டுரை, ஆராய்ச்சி மதிப்பெண் 110. பதவிக்காலம் 5 வருஷம். இதுல பட்ஜெட் போடத் தெரியுமா, பசங்க ஸ்ட்ரைக் பண்ணா பேசத் தெரியுமான்னு எங்கே பார்க்கறாங்க? பத்துப் பேப்பர் எழுதினவருக்கு தண்ணி லாரி தானா வந்துடுமா என்ன?

அப்ப வெளியிலிருந்து கம்பெனி ஆளைக் கொண்டுவந்து உக்கார வைக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க. துணைவேந்தர் பதவிக்கு அப்படி ஒரு வழியை யூஜிசியோட 2025 ஜனவரி வரைவே சொல்லுச்சு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. சாக்பீஸ் பிடிக்காதவருக்கு லேப் அட்டெண்டரோட அருமை எக்செல் ஷீட்டுல ஒரு செலவாத்தான் தெரியும். 1942லேர்ந்து 1969 வரை, 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்த லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர். ஆனா அதுக்கு முன்னாடியே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜுக்கு முதல்வரா இருந்தவர். படிப்படியா ஏறி வந்தார்.

அந்தப் படிதான் இப்ப வேணும். அதே 2018 விதிமுறைல, 2 வருஷத்துக்குத் துணை முதல்வர்னு ஒரு பதவி இருக்கு. அதைப் பேருக்கு வைக்காம நிஜமான பயிற்சியா ஆக்கலாம். ஆறு மாசம் கணக்கு, ஆறு மாசம் தேர்வு, அப்புறம் ஹாஸ்டல், அட்மிஷன். பிடிச்சிருந்தா மேலே போகட்டும், இல்லைன்னா மரியாதையா கிளாஸுக்குத் திரும்பட்டும். முதல்வரே ஆனாலும் வாரத்துக்கு ஒரு பீரியட் அவர்கிட்ட இருந்து யாரும் பிடுங்கக்கூடாது.

கிளம்பும்போது, "ஒரு நாள் வந்து பசங்ககிட்ட பேசுப்பா"ன்னார். "நீங்க கிளாஸ் எடுங்க சார், நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்"னேன். சிரிச்சார். அதுக்குள்ள போன் அடிச்சுது.

தண்ணி லாரி.