நரம்புக்கு ஒரு மாத்திரை

என் அண்ணன் மெடிக்கல் கடை வைத்திருக்கிறார். இரவு எட்டரைக்கு மேல், கடையில் பெண்கள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் சிலர் வருவார்கள். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. முதலில் தலைவலி மாத்திரை கேட்பார்கள். பணம் கொடுத்த பிறகும் நகர மாட்டார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணே, நரம்புக்கு நல்ல சத்து மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்பார்கள். என்ன கேட்கிறார்கள் என்று அண்ணனுக்குத் தெரியும். பல வருடம் அவரும் வைட்டமின், ஜிங்க், ஜின்செங் எல்லாம் கலந்த அட்டையை எடுத்துக் கொடுத்தவர்தான்.

ஆண்மைக் குறைவு என்றால் உடம்பில் ஏதோ சத்துக் குறைவு, அதை மாத்திரையாகப் போட்டால் பழைய தெம்பு திரும்பிவிடும் என்று படித்தவர், படிக்காதவர் எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. அதைவிட, ஆளைக் கொல்லக்கூடியது.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1922-ல் கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் இருவரும் வைட்டமின் இ-யைக் கண்டுபிடித்தார்கள். அது இல்லாத உணவைத் தின்ற எலிகளுக்குக் குட்டி தங்கவில்லை. அதனால்தான் அதற்கு டோகோபெரால் என்று பெயர்; 'டோகோஸ்' என்றால் கிரேக்கத்தில் பிள்ளைப்பேறு. ஜிங்க்கின் கதை இன்னும் அழுத்தமானது. பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது இளைஞர் ஒருவரைப் பார்த்தார். தோற்றத்தில் பத்து வயதுப் பையன், பருவத்துக்கே வரவில்லை. ரொட்டியைத் தவிர வேறு சாப்பாடு அநேகமாக இல்லை, களிமண்ணும் தின்கிற பழக்கம். அவரைப் போன்றவர்களைப் பற்றி பிரசாத் 1961-ல் எழுதினார். ஜிங்க் கொடுத்தபோது இத்தகையவர்கள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள்.

இவை உண்மை. ஆனால் களிமண் தின்று வளர்ந்த அந்த இளைஞருக்கும், மூன்று வேளை சோறும் கறியும் சாப்பிட்டுத் தொப்பை போட்ட 45 வயதுக்காரருக்கும் என்ன சம்பந்தம்? இல்லாதவருக்குக் கொடுத்தது வேலை செய்தது என்பதால், இருக்கிறவருக்கு மேலும் கொடுத்தால் மேலும் வேலை செய்யும் என்று எப்படி ஆகும்? சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடத்திய ஆய்வில், பாதி ஆண்களுக்கு ஆறு மாதம் ஜிங்க்கும் ஃபோலிக் ஆசிட்டும் கொடுத்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மாத்திரை போட்டவர்களில் 34 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, போடாதவர்களில் 35. விந்தணு எண்ணிக்கையிலும் வித்தியாசமில்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடுதல். வைட்டமின் இ-யை 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த வேறொரு ஆய்வு பார்த்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-ல் தெரிந்தது.

"வைட்டமின் டி குறைஞ்சாலும் இப்படி ஆகுமாமே?" என்று கேட்பார்கள். டி குறைந்தவர்களிடம் விறைப்புக் குறைபாடு அதிகம் தென்படுவது நிஜம். ஆனால் டி யாருக்குக் குறைகிறது? உடல் பருத்தவருக்கு, சர்க்கரை உள்ளவருக்கு, வெயில் படாமல் உட்கார்ந்தே இருப்பவருக்கு. விறைப்புக் கெடுவதும் பெரும்பாலும் அதே ஆட்களுக்குத்தான். எடை குறைக்க முயன்றுகொண்டிருந்த 54 ஆண்களிடம் 2011-ல் டி மாத்திரை ஆண் ஹார்மோனைக் கூட்டியதாகத் தெரிந்து பெரிய நம்பிக்கை எழுந்தது. 2017-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஹார்மோன் அளவு சரியாக இருந்த ஆண்களிடம் பார்த்தபோது ஒன்றும் கூடவில்லை. இங்கேயோ, வாரம் ஒன்று போட வேண்டிய 60,000 யூனிட் மாத்திரையைத் தினம் ஒன்றாக விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லே நம்மைத் திசை திருப்பிவிடுகிறது. விறைப்பு முதலில் ரத்தத்தின் வேலை. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். இதயத்தின் குழாய் மூன்று, நான்கு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சிகரெட்டும் குழாய்களைக் கெடுக்கும்போது சின்னக் குழாய் முதலில் அடைபடும். இதயத்தின் முறை சில வருடம் கழித்து வரும். அந்தச் சில வருடம் உடம்பு நமக்குக் கொடுக்கும் தவணை. அதைத்தான் சத்து மாத்திரையில் கரைக்கிறோம்.

என் மச்சான் கரைத்தார். வயது 44, வேன் ஓட்டுகிறவர். காலில் ஆறாத புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை 312. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் துணி தேடிய தங்கச்சி, பீரோவில் லுங்கிகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கண்டாள். நிறைய காலி அட்டைகள். எல்லாம் சத்து மாத்திரை. இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் போட்டிருக்கிறார். அதில் ஒரு நாளாவது ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால்! இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்று 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்கிறது. எத்தனை வீட்டு பீரோவில் இப்படி ஒரு டப்பா இருக்கிறதோ.

இதில் உண்மையாகவே பார்க்க வேண்டிய வைட்டமின் ஒன்று உண்டு: பி12. சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு அது குறையலாம். குறைந்தால் நரம்பு நிஜமாகவே பாதிக்கப்படும். டாக்டர் சொல்லி, ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் போட வேண்டியது அது.

"நான் போட்டேன், கேட்டுச்சே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூலிகை, சத்து என்ற பெயரில் விற்ற பல காப்ஸ்யூல்களில் சில்டெனாஃபில், அதாவது வயாகராவின் மருந்து, ரகசியமாகக் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுகிறவர் தெரியாமல் அதை விழுங்கினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். பாலுறவுச் சக்தியைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மச்சான் விஷயத்துக்குப் பிறகு அண்ணன் கல்லாப் பக்கத்தில் குளுக்கோமீட்டர் வைத்திருக்கிறார். நரம்புக்கு மாத்திரை கேட்பவரிடம், "கடைசியா சுகர், பிரஷர் எப்பப் பாத்தீங்க?" என்று கேட்கிறார். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே அந்த அட்டை கிடைக்கும். சிலர் தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு விரலை நீட்டுகிறார்கள்.