இருட்டில் தடவும் கை



எல்ல மலையில் மூடுபனி இறங்கினால் எங்கள் கண்ணுக்கு முன்னே விரல்தான் கொழுந்தைக் கண்டுபிடிக்கும். பக்கத்து லயத்துப் பிள்ளை ஏ.எல். இரசாயனவியல் படிக்கிறாள். "எல்லாத்தையும் மிஷினே செய்யுமாம். நான் ஏன் அக்கா படிக்கணும்?" என்றாள்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ கூப்பர் குழுவினரின் ரோபோவைப் பற்றிச் சொன்னேன். 2020இல் வெளியான செய்தி. லேசர் கதிராலும் தொடுகையாலும் இடமறிந்து, இருட்டிலும் வேலை செய்யுமாம். 8 நாளில் 688 பரிசோதனை! ஒவ்வொரு முடிவையும் பார்த்துக் கணினி அடுத்த கலவையைத் தெரிவு செய்தது. ஒளியால் தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் கலவை 6 மடங்கு திறன் பெற்றது. ஆனால் எந்தப் பொருட்களைச் சேர்த்துப் பார்ப்பது என்று யோசித்தது மனிதர்கள்தான்.

"அந்த யோசனை எப்படி வரும்?" என்றாள்.

புத்தகத்தைக் கொண்டு வரச் சொன்னேன்.