சும்மா கிடக்கும் விசை

ஒரு ஜன சமூகத்தார் எந்தக் கருவியைக் கொண்டு எழுதுகிறார்களோ, அந்தக் கருவியைச் செய்தவர்கள் அவர்களுடைய எழுத்தையும் ஓரளவு ஆளுகிறார்கள். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நாளில் நமது முன்னோர் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டு எழுதினர். அச்சுக்கூடம் வந்த பின்னரே புள்ளி தவறாமல் தன் ஸ்தானத்தைப் பெற்றது. இப்பொழுது எழுத்தாணியின் ஸ்தானத்தில் கணினியின் விசைப்பலகை அமர்ந்திருக்கிறது. அதன் மீதுள்ள சில விசைகளைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுந்தோம். இஃது அற்ப விஷயமென்று கருதுவோர் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறோம்.

விசைப்பலகையில் எழுத்தைப் பதிக்கும் விசைகள் ஒருவகை. தாமாக ஓர் எழுத்தையும் பதிக்காமல், பிற விசையுடன் சேர்த்து அழுத்தும்போது அதன் பயனை மாற்றுபவை மற்றொரு வகை. ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட், வலப்புறத்து ஆல்ட் ஜிஆர் என்பன இவ்வகையின. இதை வாலாஜாபாத் நெசவாளருக்கு விளக்க அதிக வார்த்தை வேண்டுவதில்லை. தறியில் ஒரு மிதியை அழுத்தினால் பாவில் ஒரு பகுதி இழைகள் எழுகின்றன. மறு மிதியை அழுத்தினால் வேறு இழைகள் எழுகின்றன. ஓடும் நாடா ஒன்றே. விழும் நெசவு வேறு. மிதி தானாக ஓர் இழையையும் நெய்வதில்லை. ஆயினும் மிதியறியாதவன் துணி நெய்ய மாட்டான்.

இந்த மிதி யாருக்காகச் செய்யப்பட்டது? 1878-ம் வருஷம் அமெரிக்காவில் வெளிவந்த ரெமிங்டன் இரண்டாம் எண் யந்திரத்தில் ஷிப்ட் விசை தோன்றிற்று. ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒரே விசையில் அடக்குவதே அதன் நோக்கம். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. நமக்கு வேண்டியது வேறு: பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், இருநூற்றுப் பதினாறு உயிர்மெய் ஆகிய 247 எழுத்துக்களை ஒரு சிறு பலகையில் அடக்கும் வழி.

அவ்வழியைத் தேடியவர் யாழ்ப்பாணத்தில் 1886-ம் வருஷம் பிறந்து சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா. அன்னிய யந்திரத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், 'நகரா விசை' என்னும் உபாயத்தை அவர் தமது தட்டச்சில் அமைத்தார். அவ்விசையை அடித்தால் குறி பதியும், தாள் நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதனுடன் சேர்ந்து பதியும். யந்திரம் ஜெர்மனியில் வார்க்கப்பட்டது. ஆனால் அதன் புத்தி தமிழனுடையது. சுதேசியத்துக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

கணினி வந்தபின் அதே வேலையை மறுபடி செய்ய நேர்ந்தது. 1999-ம் வருஷம் பிப்ரவரி மாதம் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, 'தமிழ் 99' என்னும் விசை அமைப்பைத் தமிழ்நாடு சர்க்கார் அங்கீகரித்தனர். உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. முப்பத்தொரு விசைகளில் தமிழ் முழுவதும் அடங்கிற்று. தமிழுக்குரிய எழுத்து எதற்கும் ஷிப்ட் வேண்டுவதில்லை. 'பட்டு' என்று எழுத நான்கே அடிகள் போதும். ஒரே மெய் இரட்டித்தால் முதலதற்குப் புள்ளி தானே விழுகிறது. 'காஞ்சி' என்பதற்கு ஐந்து அடிகள். ஞகரத்தின் பின் சகரம் வந்தால் அங்கும் புள்ளி தானே அமைகிறது. ஷிப்ட் விசையோ ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துக்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய நமது வாலாஜாபாத் என்னும் பெயரை எழுதப் பத்து அடிகள் வேண்டும். அவற்றுள் ஜகரம் ஒன்றுக்கு மாத்திரமே ஷிப்ட் தேவை. விருந்தினருக்குத் தனி அறை ஒதுக்கி, வீட்டாருக்கு வீடு முழுவதையும் விட்ட ஏற்பாடு இது.

ஆனால் நடப்பது என்ன? கணினியில் தமிழ் எழுதுவோரில் பலர் ஆங்கில எழுத்துக்களின் ஒலியைக் கொண்டே தமிழை அடிக்கிறார்கள். இம்முறைகள் பலவற்றில் 'என்' என்ற விசை னகரத்தைத் தரும். ணகரம் வேண்டுமாயின் ஷிப்டுடன் அடிக்க வேண்டும். லகரத்துக்கும் ளகரத்துக்கும், ரகரத்துக்கும் றகரத்துக்கும் இதே விதி. ஆகவே தொல்காப்பியர் நாவின் ஸ்தானங்களைக் கொண்டு பிரித்த எழுத்துக்களை இன்று ஒரு சுண்டுவிரல் பிரிக்கிறது! விரல் அயர்ந்தால் 'தறி' 'தரி' ஆகிவிடுகிறது. 'நெசவாளர்' 'நெசவாலர்' ஆகிறார். விரல் சற்றுத் தாமதித்து எழுந்தால் புடவையின் 'கரை' 'கறை'யாகிறது. பட்டுப்புடவை வியாபாரிக்கு இதைவிட வேறு நஷ்டம் வேண்டாம்.

இது நகைக்கத்தக்க விஷயம் மாத்திரமன்று. விண்ணப்பத்திலோ குடும்ப அட்டையிலோ பட்டாவிலோ ஒருவருடைய பெயரில் லகரம் ளகரமாக மாறினால், அதைத் திருத்தும் பொருட்டு ஒரு நாள் கூலியை இழந்து தாலுகா கச்சேரிக்கு நடப்பவர் அதை அடித்தவரல்லர், அந்த ஏழையே. சொல்லைத் தாமே ஊகித்துத் திருத்தித் தரும் நவீன உபாயங்கள் உண்டென்று சிலர் சொல்லக்கூடும். மெய்தான். அகராதியிலுள்ள சொல்லை அவை ஊகிக்கும். ஒரு மனிதனின் பெயரையும் ஒரு சிற்றூரின் பெயரையும் எதைக்கொண்டு ஊகிக்கும்? பிழை பொறுக்கப்படாத இடத்திலேயே ஊகம் கைவிடுகிறது.

இனி ஆல்ட் ஜிஆர் விசைக்கு வருவோம். போலந்து தேசத்தார் தமது பாஷைக்கே உரிய எழுத்துக்களை இவ்விசையின் துணைகொண்டு ஆங்கிலப் பலகையிலேயே எழுதிவிடுகிறார்கள். ஜெர்மானியர் யூரோ நாணயத்தின் குறியை இதனாலேயே பதிக்கிறார்கள். நமது தேசத்துக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாட்டவரான உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியை 2010-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி இந்திய மந்திரி சபை ஏற்றது. விண்டோஸ் கணினியில் ஆங்கிலத்துக்கு 'இந்தியா' என்னும் விசை அமைப்பைத் தேர்ந்து, ஆல்ட் ஜிஆருடன் நான்கு என்ற இலக்கத்தை அழுத்தினால் அக்குறி பதியும். அமெரிக்க அமைப்பை விட்டு வைத்திருப்பவருக்கோ அவ்விசை இடப்புறத்து ஆல்ட் விசையின் மறுபிரதியேயன்றி வேறன்று. விசை ஒவ்வொரு மேஜையிலும் இருக்கிறது, உபயோகிப்போர் சிலர். எனவே நமது கடைச் சீட்டுக்களில் இன்னும் ஆங்கிலத்தின் இரண்டெழுத்துச் சுருக்கமே விலையின் முன் நிற்கக் காண்கிறோம்.

2025-ம் வருஷம் மார்ச்சு மாதம் தமிழ்நாடு சர்க்கார் தமது வரவு செலவுத் திட்டத்தின் இலச்சினையில் அக்குறியை விட்டு 'ரூ' என்னும் தமிழெழுத்தை இட்டபோது பெரும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தில் நாம் இப்பொழுது புகவில்லை. எழுத்தை விரும்புவோரானாலும் குறியை விரும்புவோரானாலும், விரும்பியதைத் தமது விரலால் எழுதத் தெரிந்தவர்களாயிருக்க வேண்டும் என்பதே நமது கட்சி. மேடையில் உரிமை கேட்டு, மேஜையில் அதை மறப்பது யோக்கியமன்று.

சும்மா கிடக்கும் நிலத்தைப் பிறர் வளைத்துக்கொள்வது உலக வழக்கம். விசைப்பலகையும் அதற்கு விலக்கன்று. 1994-ம் வருஷம் மைக்ரோசாப்ட் கம்பெனியார் தமது சின்னம் பொறித்த விசையொன்றைக் கொணர்ந்தனர். 2024-ம் வருஷம் ஜனவரியில், தமது செயற்கை அறிவுச் சேவையை அழைப்பதற்கென்றே 'கோபைலட்' என்னும் மற்றொரு விசையை அறிவித்தனர். பல கணினிகளில் அது வலப்புறத்துக் கண்ட்ரோல் விசையின் ஸ்தானத்தில், ஆல்ட் விசைக்கு அடுத்த வீட்டிலேயே குடியேறியிருக்கிறது. ஒரு கம்பெனிக்குத் தனி விசை அகப்படுகிறது; கோடிக்கணக்கானோர் பேசும் பாஷையின் எழுத்து நமது சந்தையில் விற்கும் பலகைகளில் பெரும்பாலும் பொறிக்கப்படுவதே இல்லை. கம்பெனியார் மீது குறை கூறிப் பயனில்லை. வாங்குகிறவன் கேட்காததை விற்கிறவன் ஏன் கொடுப்பான்?

ஆகவே செய்யத்தக்கவை யாவை? சர்க்கார் கச்சேரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வாங்கும் பலகைகளில் தமிழெழுத்துப் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை விதிக்க வேண்டும். தமிழ் 99 அமைப்பைப் பள்ளிப் பருவத்திலேயே கற்பிக்க வேண்டும். இளம் விரல் கற்பதை முதிய விரல் மறப்பதில்லை. தட்டச்சுப் பயிற்சிச் சாலையார் பழைய முறையுடன் இதனையும் பயிற்றுவித்தல் நன்று. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் ஜவுளி வியாபாரிகளும் தமது சீட்டுக்களைப் பிழையற்ற தமிழில் அடிக்கச் செய்தல் வேண்டும். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவில்லை. கணினியில் விசை அமைப்பை மாற்ற ஒரு காசும் செலவில்லை.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. துண்டுப் பிரசுரம் எழுதுவோரும், மகஜர் தயாரிப்போரும், ஏழைகளுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்போரும் நீங்களே. உங்கள் விரலில் தமிழ் பிழைத்தால் ஊரில் தமிழ் பிழைக்கும். காஞ்சிப் பட்டின் கோர்வையில் உடலும் கரையும் சேருமிடத்தில் ஓர் இழையும் பிசகாமல் இணைக்கும் கைகள் இந்த ஜில்லாவில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. அத்தனை நுட்பம் படைத்த ஜனங்களுக்கு முப்பத்தொரு விசைகள் பெரிதல்ல. மிதியைப் பிறன் செய்திருக்கலாம். மிதிக்கும் கால் நம்முடையதாகட்டும்.