குடல் அங்கே பெருமை, இங்கே தீட்டா?

பாரிஸில் பிஸ்ட்ரோ என்றால் தெருமுனைச் சாப்பாட்டுக் கடை. சாமானியர்கள் மலிவாகச் சாப்பிட்டுப் போகும் இடம். அதே பெயர் நம் ஊருக்கு வரும்போது 'பிரெஞ்சு பாணி, உள்ளூர் விளைபொருள்' என்ற விளம்பரத்தோடு மேட்டுக்குடிக் கடையாகிவிடுகிறது. புதுச்சேரியில் இதைப் பார்க்கிறோம். நாளை இராயபுரத்துக்கும் வரலாம். வரட்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: அந்த 'உள்ளூரில்' யாருடைய அடுப்புக்கு இடம் உண்டு?

பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் குடலை மணிக்கணக்கில் வேகவைத்து, கான் நகரத்தின் பெயரைச் சூட்டிக் கொண்டாடுகிறார்கள். பன்றி ரத்தத்தில் செய்த பூதன் நுவாரைக் கூச்சமில்லாமல் பரிமாறுகிறார்கள். மார்செய் துறைமுக மீனவர்கள், விலைபோகாத மீன்களைப் போட்டுக் காய்ச்சிய குழம்புதான் புயாபெஸ். அதைக் காப்பாற்ற 1980இல் அந்த ஊர் உணவகங்கள் ஒரு சாசனமே எழுதின.

போட்டியும் ரத்தப் பொரியலும் வால் சூப்பும் வடசென்னையிலும் உண்டு. ஏழைகளின் உணவு என்பதோடு நிற்காமல், இங்கே அதன்மீது சாதியும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். அதே ஆகஸ்டில் தீவுத்திடலில் நடந்த அரசு உணவுத் திருவிழாவிலும் எதிர்ப்பு கிளம்பிய பிறகே மாட்டுக்கறிக் கடை வந்தது. சைவமா அசைவமா என்று மட்டும் இதைப் பேசுவது ஏமாற்று. கோழிக்கும் ஆட்டுக்கும் கிடைத்த அனுமதி மாட்டுக்கு ஏன் இல்லை என்பதே கேள்வி.

மராத்தியில் ஷாஹு பட்டோலே தலித் சமையலை 2015இல் புத்தகமாக்கினார். நம் சேரிகளின் சமையலை யார் எழுதப்போகிறோம்?

விளைபொருளையும் பேசியாக வேண்டும். எண்ணூர் கழிமுகத்தில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில்தான் அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக்கணக்கில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் பரவி வலையையும் படகையும் பாழாக்கியது. நண்டும் இறாலும் வேண்டும், அதைப் பிடிப்பவர்களின் ஆறு எப்படிப் போனாலும் கவலையில்லை என்றால், 'உள்ளூர்' என்பது வெறும் விளம்பரச் சொல்.

தோழர்களே, பிரெஞ்சு உணவை வெறுக்கச் சொல்லவில்லை. அரசு நடத்தும் ஒவ்வொரு உணவுத் திருவிழாவிலும் முதல் நாளே மாட்டுக்கறிக் கடை இருக்க வேண்டும். எண்ணூர் ஆறு சுத்தமாக வேண்டும். இந்த இரண்டையும் உங்கள் கல்லூரி விடுதியிலிருந்தே கேட்கத் தொடங்குங்கள்.