கையெழுத்தும் கையடக்கத் தொலைபேசியும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். இற்றைநாளில் அம்முதுமொழி பெரிதும் பயன்படும் இடங்களுள் ஒன்று, கையடக்கத் தொலைபேசி ஒப்பந்தத்தை இடையில் முறிக்கும் வேளையாகும். கம்பெனி கேட்கின்றதே என்று அளவாமற் கொடுப்போர் பலர். ஒரு சதமும் கொடேன் என்று அளவாமற் சண்டையிடுவோரும் பலர். இரு சாராரும் நட்டமடைகின்றனர்.

கனடாவுக்குப் படிக்கச் சென்ற பிள்ளைகளையுடைய குடும்பங்கள் நம்மிடையே அநேகம். ரொறன்ரோவிற் போய் இறங்கியதும் பிள்ளைக்கு வேண்டியது ஒரு தொலைபேசி. புதிதாக வந்தவனுக்கு அந்நாட்டிற் கடன் கொடுத்து வாங்கிய வரலாறு எதுவுமில்லை. ஆகவே, ஸ்காபரோவில் வாழும் மாமாவோ பெரியம்மாவின் மகனோ தம் பெயரிற் கையொப்பமிட்டு வாங்கிக் கொடுக்கின்றார். தவணை முடியுமுன் பிள்ளைக்கு வேறிடத்தில் வேலை கிடைக்கின்றது. அல்லது அவன் நாடு திரும்புகின்றான். முறிப்புக் கட்டணம் என்ற சொல் அப்பொழுதுதான் முதன்முறையாகக் காதில் விழுகின்றது. சிட்டையோ மாமாவின் பெயருக்கு வருகின்றது. கட்டாது விட்டால் கெடுவது அவருடைய நாணயம். சில நூறு டொலருக்காக, வந்த நாளிற் சோறு போட்ட வீட்டின் வாசலை மிதிக்க முடியாத நிலை பிள்ளைக்கு நேரலாமா?

இக்கட்டணம் எதற்காக ஏற்பட்டது? கம்பெனி விலையுயர்ந்த தொலைபேசியைக் குறைந்த விலைக்கோ விலையின்றியோ கொடுக்கின்றது. குறைத்த தொகையை மாதந்தோறும் பெறும் பணத்தில் மீட்டுக் கொள்கின்றது. வாடிக்கையாளர் இடையிற் போய்விட்டால் மீளாத தொகையைக் கேட்பதில் நியாயமுண்டு. நியாயம் எல்லை கடந்த காலமும் இருந்தது. அமெரிக்காவில் வெரைசன் கம்பெனி 2009 நவம்பரில் உயர்ந்தவகைத் தொலைபேசிகளுக்கு இக்கட்டணத்தை 350 டொலராக்கி, மாதத்துக்கு 10 டொலர் மட்டுமே குறைத்து வந்தது. 23 மாதம் ஒழுங்காகக் கட்டியவரும் 120 டொலர் கடன்காரராகவே நின்றார். கனடாவிலோ மூன்றாண்டு ஒப்பந்தங்கள் மலிந்திருந்தன.

இதற்கு அணை கட்டியது கனடிய வானொலி தொலைக்காட்சி தொலைத்தொடர்பு ஆணைக்குழு. கம்பியில்லாச் சேவைக் கோவை என்ற விதித்தொகுப்பை அது 2013 யூன் மாதத்தில் வெளியிட்டது; அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கானதாயினும், 24 மாதம் கழிந்தபின் முறிப்போரிடம் கட்டணம் வாங்கலாகாது என்று அது விதித்தது. முன்னரே முறித்தால், தொலைபேசி விலையிற் கம்பெனி குறைத்துக் கொடுத்த தொகைக்கு மேலே கேட்கலாகாது. அதுவும் மாதந்தோறும் சம அளவிற் குறைந்து, தவணை முடிவில் இல்லாதொழிய வேண்டும். தொலைபேசி எதுவும் தரப்படாத தவணை ஒப்பந்தமாயின், 50 டொலர், எஞ்சிய மாதங்களுக்குரிய குறைந்தபட்சக் கட்டணத்தில் நூற்றுக்கு 10 என்னும் இரண்டில் எது சிறிதோ அதனை மிஞ்சலாகாது. 30 நாள் முன்னறிவித்தல் கேட்டு அந்நாட்களுக்கும் பணம் அறவிடும் வழக்கத்தை 2014இல் ஆணைக்குழு தடுத்தது.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். கம்பெனி குறைத்துக் கொடுத்த தொகை 480 டொலர். தவணை 24 மாதம். மாதத்துக்கு 20 டொலர் கழியும். 15 மாதம் கட்டியபின் முறித்தால் எஞ்சுவது ஒன்பது மாதம். கொடுக்க வேண்டியது 180 டொலர். இக்கணக்கைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டே தொலைபேசியை எடுத்தல் வேண்டும். 300 டொலர் என்று ஒருவர் சொன்னால், "ஐயா, எஞ்சிய தொகை 180 என்றே என் கணக்குக் காட்டுகின்றது, மிகுதி 120 எதற்கென்று விளக்குவீர்களா?" என்று அமைதியாகக் கேட்கலாம். குரலை உயர்த்தி ஒரு மணிநேரம் வாதாடுவதிலும் இவ்வொரு கேள்விக்குப் பயன் அதிகம்.

இங்கே உரிமை வேறு, சலுகை வேறு என்பதை உணர்தல் அவசியம். கோவை தடுத்த பணத்தைக் கேட்டால், கொடுக்க மறுப்பது உரிமை. அதற்கு இரங்கி நிற்க வேண்டியதில்லை. நியாயமாக எஞ்சிய தொகையைக் குறைக்கும்படி கேட்பது சலுகை. அதற்கு அதட்டல் உதவாது. நாட்டை விட்டுப் போகின்றேன், போகுமிடத்தில் உங்கள் சேவை இல்லை, இத்தனை மாதமும் தவறாமற் கட்டினேன் என்று உள்ள காரணத்தை உள்ளபடி சொல்லிக் கேட்கலாம். மறுமுனையில் இருப்பவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவரே. விதியை வகுத்தவர் அவரல்லர். அவருக்கு அதிகாரமில்லையாயின், அதிகாரமுள்ள மேலதிகாரியிடம் இணைக்கும்படி மரியாதையாக வேண்டலாம்.

விலகிச் செல்வோரைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே கம்பெனிகளில் ஒரு பிரிவு உண்டு. கட்டணத்தைக் குறைக்கின்றோம், புதிய தொலைபேசி தருகின்றோம் என்று அவர்கள் ஆசை காட்டுவர். மாதக் கட்டணம் மட்டும் குறையுமாயின் ஏற்பதிற் குற்றமில்லை. புதிய தொலைபேசியோடு புதிய 24 மாத முடிச்சும் கூடவே வரும் என்பதை மறக்கலாகாது. யோசித்துச் சொல்கின்றேன் என்று விடைபெறுவதே அறிவு.

வேறு சிலவும் கவனிக்கத் தக்கன. கணக்கு யார் பெயரில் உள்ளதோ அவரே பேச வேண்டும். ஆதலால் மாமாவை அருகில் வைத்துக்கொண்டே பேசுக. பேசிய திகதி, நேரம், பேசியவர் பெயர், அவர் தந்த குறிப்பிலக்கம் ஆகியவற்றைக் கொப்பியிற் குறித்துக் கொள்க. ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பும்படி கேட்க. அந்நாட்டிலேயே வேறு கம்பெனிக்கு மாறுவோர், 2007 முதல் அங்கே பழைய இலக்கத்தையும் உடன் கொண்டுபோகலாம். அதற்குப் பழைய கணக்கை முன்னதாக முறித்துவிடலாகாது. புதிய கம்பெனி மூலமாகவே மாற்றத்தைக் கேட்க வேண்டும். முந்தி முறித்தால் இலக்கம் கைநழுவலாம்.

கோபத்திற் சிட்டையைக் கட்டாமல் விடுதல் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கட்டாத தொகை கடன் அறவிடுவோர் கைக்குப் போகும். கடன் வரலாற்றிற் கறை படியும். நாளை வீட்டுக் கடன் கேட்கும் மாமாவுக்கு அக்கறை பெருந்தடையாகும். கம்பெனியோடு பேசித் தீராதபோது தொலைத்தொடர்பு, தொலைக்காட்சிச் சேவைகளுக்கான முறைப்பாட்டு ஆணையம் இருக்கின்றது. 2007இல் நிறுவப்பட்ட அது வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதில்லை. முதலிற் கம்பெனியிடம் முறையிட்டிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. கொப்பியில் எழுதிய குறிப்புக்கள் அங்கே சாட்சியாக நிற்கும். கோவையிலோ ஒப்பந்தத்திலோ பொருள் தெளிவில்லாத இடத்தை வாடிக்கையாளருக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்றும் கோவை விதித்தது.

2024இல் கனடியப் பாராளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தியது. சேவையைத் தொடங்கவும் முறிக்கவும் வாங்கும் கட்டணங்களைப் பற்றி ஆணைக்குழு அவ்வாண்டு நவம்பரில் விசாரணையும் தொடங்கிற்று. ஆகவே பேசப் போகுமுன், அன்றைக்கு நடைமுறையிலுள்ள விதியை ஆணைக்குழுவின் வெளியீட்டிற் பார்த்துக்கொள்வது முறை.

பெற்றோரே, பிள்ளை புறப்படுமுன் சட்டையும் புத்தகமும் அடுக்கிக் கொடுக்கின்றீர்கள். பிறர் பெயரில் வாங்கிய பொருளின் பொறுப்பு, கையொப்பமிட்டவரை விட அதனைக் கையாள்பவனுக்கே அதிகம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். மாணவர்களே, ஒப்பந்தத்தோடு தரப்படும் சுருக்கத்தை வாங்கிய அன்றே படியுங்கள். தவணை எத்தனை மாதம், முறித்தால் எவ்வளவு என்ற இரண்டையும் குறித்து வையுங்கள். நாடு திரும்ப நேர்ந்தால், விமானச் சீட்டு வாங்குமுன் கணக்கைத் தீருங்கள். இறுதிச் சிட்டையிற் பாக்கி எதுவுமில்லை என்பதைக் கண்ணாற் கண்டு, அதனை மாமாவின் கையிற் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.